ஆய்வுப்பொருள் தேர்வும் அறமும்: தாராவியை முன்வைத்து

ஊடகம், விளம்பரம் சார்ந்த முதுகலை ஆய்வில் பொருள்தேர்வு வசதி கருதிய முடிவாகவே கொள்ளப்படுகிறது. அது அறம் சார்ந்ததுமாகும் என்பதை மும்பைத் தாராவி உணர்த்துகிறது. 'நாயகன்' (1987), 'ஸ்லம்டாக் மில்லியனர்' (2008), 'காலா' (2018) ஆகிய படங்கள் அப்பகுதியைக் களமாகக் கொண்டன. இவற்றுள் இரண்டாவதன் தலைப்பிலுள்ள 'நாய்' என்னும் சொல்லை எதிர்த்து 2009இல் மும்பைக் குடிசைப்பகுதி மக்கள் போராடினர். காட்டப்படுவோர் தம்மைக் காட்டும் முறையை மதிப்பிடுவோருமாவர் என்பது இதனால் பெறப்படும். எனவே, படங்களை மட்டும் பகுத்தாராயும் ஆய்வு அம்மக்களை மீண்டும் பார்க்கப்படுவோராகவே நிறுத்திவிடுகிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல்தொழிலுக்கு வந்தோரின் வழியினரான தாராவித் தமிழர், இக்காட்சிகளை எவ்வாறு உள்வாங்குகின்றனர் என வினவுவதே அறத்தொடு பொருந்தும். அவர்தம் விடை ஆய்வாளரின் கருதுகோளை மறுக்கவும் கூடும். அம்மறுப்புக்கு இடந்தரும் பொருளே தேர்தற்குரியது.