அமாவாசைக் கணக்கு

டீக்கடை பெஞ்சில் அரசியல் பேச்சு சூடுபிடித்தால் யாராவது ஒருவர், ‘அவன் சரியான அமாவாசைப்பா!’ என்பார். உங்களுக்கும் உடனே புரிந்துவிடும். மணிவண்ணன் இயக்கி 1994-ல் வந்த ‘அமைதிப்படை’யில் தேங்காய் பொறுக்கும் சத்யராஜ், ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ ஆவாரே, அந்த அமாவாசை. பெயர் சொல்லப் பயப்படுகிறவருக்கு அது நல்ல கவசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால், எல்லோரும் சிரித்ததோடு பேச்சும் முடிந்துவிடுகிறதே! எந்த டெண்டர், எவ்வளவு ரூபாய், கையெழுத்துப் போட்டது யார்? ம்ஹூம். பி.காம். படித்த புத்திக்கு இது, விவரம் எழுத மனமில்லாத கணக்கர் ‘இதர செலவுகள்’ என்று தள்ளிவிடுகிற மாதிரி தெரிகிறது.

உங்கள் கவுன்சிலரிடமே அமாவாசை ஜோக்கைச் சொல்லிப் பாருங்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அப்படியே, தெருவுக்குக் கொட்டிய ஜல்லி எத்தனை லோடு, பில்லில் எத்தனை லோடு என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.