சிலுவையைப் புகழ்வோரும் சுமப்போரும்



நம்மவர் நாவில் இலகுவாக வரும் ஆறுதல் மொழி ஒன்றுண்டு. நடக்க முடியாத, பேச முடியாத, அல்லது புத்தி வளர்ச்சி தாமதித்த பிள்ளையொன்றுள்ள வீட்டுக்குப் போனால், "தாங்கக் கூடியவர்களுக்குத்தான் ஆண்டவர் சிலுவையைக் கொடுப்பார், நீங்கள் புண்ணியவதி" என்று அந்தத் தாயிடம் சொல்லுவோம். சொல்லுபவர் மனத்தில் கபடம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் பின் அவ்வீட்டில் எது மாறிற்று? அன்று மாலை பிள்ளையைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோவது யார்? இரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று அத்தாய்க்குச் சொல்லிக்கொடுத்தவர் யார்? ஒரு குடும்பத்தின் துன்பத்தைப் புனிதமென்று புகழ்ந்துவிட்டால், அதில் நமக்குள்ள கடமை தீர்ந்துவிடுமா? இதுவே நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

கல்வாரிப் பாதையை நினைத்துப் பாருங்கள். அங்கே பெருங்கூட்டம் இருந்தது. மாரடித்து அழுத பெண்களும் இருந்தார்கள். ஆனால் பாரம் குறைந்தது ஒருவரால்தான். நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்த சிரேன் ஊர்ச் சீமோனைப் படைவீரர் கட்டாயப்படுத்திப் பிடித்தனர். அவர் தாமாக முன்வந்தவர் அல்லர். ஆறுதல் மொழி கூறியதாகவும் சுவிசேஷத்தில் இல்லை. தோளைக் கொடுத்தார், அவ்வளவே. மாற்கு அவருடைய பெயரை மட்டுமன்றி, அவருடைய புதல்வர் இருவரின் பெயர்களையும் எழுதிவைத்திருக்கிறார். தேவகுமாரனுடைய சிலுவைக்கே பிறர் தோள் வேண்டியிருந்ததென்றால், ஒரு தாயைத் தனியே சுமக்கவிட்டு அதைப் பக்தி என்று நாம் அழைக்கலாமா?

இக்கேள்வியைக் குடாநாட்டின் நடுவே, மருதனார்மடத்தில் வைத்துப் பார்ப்போம். காங்கேசன்துறை வீதியில் இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையிலுள்ள இவ்வூர் கல்விக்கும் பக்திக்கும் பேர்போனது. பெண்பிள்ளைகள் கற்கவேண்டும் என்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் இங்கேதான் ஒரு கல்லூரியை நிறுவினார். 1939இல் தோன்றிய கிறிஸ்த சேவாச்சிரமமும், ஆஞ்சநேயர் கோயிலும், தோட்டத்து மரக்கறி வந்து இறங்கும் சந்தையும் இங்கே உண்டு. ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்ததாகும் என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். நல்லது. ஆனால் ஊனமுற்ற பிள்ளையை வளர்க்கும் பெண்ணுக்கு மிகவும் வேண்டிய பாடத்தை நாம் கற்பித்தோமா?

இது எங்கோ ஒரு சில வீடுகளின் விஷயமன்று. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 8.7 பேர் ஏதோ ஒரு குறைபாட்டுடன் வாழ்ந்தனர். தொகையாகச் சொன்னால் 16 இலட்சத்துக்கு மேல். ஒவ்வொருவரோடும் ஒரு தாய், ஒரு தந்தை, ஒரு சகோதரம் என்று கூட்டிப்பாருங்கள். போரின் ஷெல்லும் கண்ணிவெடியும் கால்களைப் பறித்த நம் மண்ணில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. முன்பு ஒரே வளவுக்குள் பேத்தியும் மாமியும் சித்தியும் இருந்தார்கள். பிள்ளை கை மாறிக் கை வளர்ந்தது. இன்று பாதிப்பேர் கடல்கடந்து விட்டார்கள். பணம் வருகிறது. ஆனால் பிள்ளையைத் தூக்கக் கை வருவதில்லை.

இவ்வீடுகளின் முதற் சுமை வெட்கம். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று கேட்டார்கள். இருவரும் அல்லர் என்று ஆண்டவர் மறுத்தார். இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் அந்தச் சீடர்களின் கேள்வியே நம் அயலில் நிற்கிறது. முற்பிறப்பின் வினை என்று ஒருவர் சொல்லுவார். தகப்பன் செய்த பாவம் என்று மற்றவர் சொல்லுவார். அக்காவுக்குக் கலியாணப் பேச்சு வரும்போது தம்பியை உள்ளறையில் வைத்துப் பூட்டும் வீடுகளைப் பெற்றோரின் கல்மனம் மட்டும் உண்டாக்கவில்லை, நம் வாயும் சேர்ந்துதான் உண்டாக்கியது. அதே சுவிசேஷ அதிகாரத்தில், அக்குருடனின் பெற்றோர் குற்றவாளிகளைப்போல் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, செபக்கூடத்திலிருந்து தள்ளப்படுவோமோ என்று நடுங்குவதையும் காண்கிறோம்.

இரண்டாவது சுமை அறியாமை. இது அவர்களுடைய குற்றமன்று, ஒருவரும் கற்பிக்காததன் விளைவு. அன்பு இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அன்பு போதாது. வலிப்பு வந்த பிள்ளையின் கையில் அன்புள்ள தாயே இரும்புத் திறப்பைத் திணிக்கிறாள், வாய்க்குள் கரண்டியை வைக்கிறாள். செய்யவேண்டியதோ பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், வலிப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறதென்று கவனிப்பது. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது. உடல் விறைத்த பிள்ளையைப் படுக்கவைத்து ஊட்டினால் உணவு சுவாசப் பாதைக்குள் போகும். முதுகுக்குத் தாங்கல் கொடுத்து, நிமிர்த்தி இருத்தி ஊட்டவேண்டும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பாவிட்டால் புண் வரும். சட்டை போடப் பழக்கும்போது எல்லாவற்றையும் நாம் செய்துவிட்டு, கடைசிப் பொத்தானை மட்டும் பிள்ளைக்கு விடவேண்டும். அது கைவந்தபின் கடைசி இரண்டையும் விடலாம். மனநோயுற்ற ஒருவரின் வீட்டாருக்கு அந்நோயைப்பற்றி நன்கு விளக்கினால், நோய் திரும்பத் திரும்ப வருவது குறைகிறது. இவையெல்லாம் ஒரு பிற்பகலில் சொல்லிக் காட்டக்கூடியவை. ஒரு பிற்பகல் செலவழிக்க ஆளில்லாமையால் ஆயுள் முழுவதும் துன்பம்!

மூன்றாவது சுமை களைப்பு. நான்காவது சுமை எல்லாவற்றிலும் கொடியது: "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்ற கேள்வி. தலைமுடி நரைத்த பெற்றோர் பலர், பிள்ளை தங்களுக்கு முன் இறக்கவேண்டும் என்று இரகசியமாகச் செபிக்கிறார்கள். வாசகரே, இத்தகைய செபத்தைச் செய்யுமளவுக்குப் பெற்றோரைத் தள்ளிவிட்ட ஒரு சமூகம் தன்னைக் கிறிஸ்தவ சமூகம் என்று அழைக்குமுன் சற்றே யோசிக்கவேண்டும்.

இப்போது சிலர் கேட்பார்கள்: பிள்ளை பெற்றோரின் பொறுப்பு அன்றோ? கைதடியில் நவீல்ட் பாடசாலை இல்லையா? சுன்னாகத்தில் வாழ்வகமும், கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையும் இல்லையா? இருக்கின்றன. அவற்றின் சேவைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பிள்ளை பாடசாலையில் இருக்கும் நேரம் சில மணித்தியாலங்கள். எஞ்சிய நேரமெல்லாம் வீடுதான் பாடசாலை, தாயும் தந்தையும்தான் ஆசிரியர்கள். ஆசிரியருக்குப் பயிற்சிக் கலாசாலை வைக்கும் நாம், இந்த ஆசிரியர்களுக்கு என்ன வைத்தோம்?

திருச்சபையின் சமூகப் போதனை இங்கே தெளிவான வழி காட்டுகிறது. பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931இல் விடுத்த சமூகச் சுற்றுமடலில் ஒரு நியதியை வகுத்தார். சிறிய சமூகம் செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்ளலாகாது, அதைச் செய்வதற்குத் துணை நிற்கவேண்டும் என்பதே அதன் சாரம். இந்நியதிக்கு மாறாக இரண்டு விதமாய்ப் பிழை செய்யலாம். உங்களால் முடியாது என்று பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பிரித்து நான்கு சுவர்களுக்குள் வைப்பது ஒன்று. உங்கள் பிள்ளை, உங்கள் பாடு என்று கைகழுவுவது மற்றது. முன்னது அன்பைப் பறிக்கிறது. பின்னது அன்பை நசுக்குகிறது. குடும்பத்தைக் குடும்பமாகவே நிற்கவைத்து, அதற்கு அறிவும் ஓய்வும் கொடுப்பதுதான் நேர்வழி. ஆகவே இது தர்மம் அன்று, நீதி. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயமும், வறுமையில் வாடும் இத்தகைய குடும்பங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை, பண உதவி, பராமரிப்போருக்கு ஓய்வு ஆகியவை கிடைக்கவேண்டும் என்கிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிசெய்தது.

முடியுமா என்று ஐயுறுவோருக்குப் பிறர் செய்ததைச் சொல்லுவோம். 1969இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்னும் சிற்றூரில், ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கன்றிப் பெற்றோருக்குக் கற்பிக்கும் முறை தொடங்கிற்று. அது பின்பு பல நாடுகளுக்கும் பரவியது. 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் என்னும் தாய், தம் மகனைப் போன்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சிறு நிலையம் இன்று வித்யாசாகர் என்னும் பெரிய நிறுவனம். எங்களுக்குப் பிறகு யார் என்று பெற்றோர் கூடிக் கேட்டதன் பயனாகவே, இந்தியாவில் 1999இல் இத்தகையோருக்குச் சட்டபூர்வமான பாதுகாவலரை நியமிக்க வழிசெய்யும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பிறந்தது.

நம் திருச்சபைக்குள்ளும் ஒரு பாடம் உண்டு. புத்தி வளர்ச்சி குன்றிய இரு புதல்வர்களைக் கொண்ட பிரெஞ்சுத் தம்பதியர், லூர்து யாத்திரைக் குழுவில் தங்களுக்கு இடமில்லை என்று மறுக்கப்பட்டனர். தனியே போனபோது, விடுதியில் மற்றவர் கண்ணில் படாமல் அறைக்குள்ளேயே உண்ணவேண்டியிருந்தது. அந்த வேதனையிலிருந்து எழுந்ததுதான் 1971ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் லூர்தில் சுமார் 12,000 பேர் கூடிய யாத்திரையும், விசுவாசமும் ஒளியும் என்னும் இயக்கமும். அதை ஆரம்பித்தோருள் ஒருவரான ழான் வனியர் பெண்கள் சிலருக்கு இழைத்த தீங்கு 2020இல் விசாரணையால் வெளிவந்தது. ஆகவே ஒரு பெரிய மனிதரின் புகழில் இப்பணி நிற்கக் கூடாது. குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்குவதில் அது நிற்கவேண்டும்.

அப்படியானால் நம் பங்குகளில் என்ன செய்யலாம்? மாதத்தில் ஒரு பிற்பகல் பங்கு மண்டபத்தைத் திறவுங்கள். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலிருந்தோ மேற்சொன்ன பாடசாலைகளிலிருந்தோ அறிந்தவர் ஒருவரை அழையுங்கள். பெற்றோர் கற்கும் அந்த நேரத்தில் இளைஞர் மன்றத்தார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். புனித வின்சென்ட் டி போல் சபையார் அரிசியும் பருப்பும் கொடுப்பதோடு, இரண்டு மணித்தியால ஓய்வையும் அத்தாய்மாருக்குக் கொடுக்கட்டும். உதவிப்பண விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்தவர் அவர்களோடு பிரதேச செயலகத்துக்குப் போகட்டும். வருபவர் சைவரா கிறிஸ்தவரா என்று கேட்க வேண்டாம். மருதனார்மடம் போன்ற ஊரில் அயலவர் பலர் சைவர்கள், துன்பமோ இருவருக்கும் ஒன்றே. புத்தி வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு மறைக்கல்வி வேண்டாம் என்று ஒருவரும் சொல்லலாகாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777ஆம் விதி, உடலிலும் உள்ளத்திலும் குறையுற்றோருக்கு அவர்கள் நிலைக்கேற்ற மறைக்கல்வி அளிக்கும் பொறுப்பைப் பங்குத் தந்தையிடமே வைத்திருக்கிறது.

ஞானத் தாயும் ஞானத் தந்தையும் எதற்காக ஏற்பட்டார்கள்? ஞானஸ்நானத்தன்று மோதிரம் போடுவதற்காக மட்டுமா? எங்களுக்குப் பிறகு யார் என்று ஒரு வீட்டார் கேட்கும்போது, நான் இருக்கிறேன் என்று சொல்லவேண்டிய முதல் ஆள் அவரன்றோ?

இவற்றைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. குடும்பத்துக்கு உதவப்போய், அந்த மனிதரையே மறந்துவிடக் கூடாது. அவன் வயது வந்தவன், அவனையே கேளுங்கள் என்று அக்குருடனின் பெற்றோர் அச்சத்தினால் சொன்னார்கள். நாம் அதை மரியாதையினால் சொல்லுவோம். எங்கே வாழ விரும்புகிறார், என்ன வேலை செய்ய விரும்புகிறார் என்று அவரையே கேட்போம்.

வலிப்பினால் வருந்திய மகனை ஆண்டவரிடம் கொண்டுவந்த தகப்பனை மாற்கு நமக்குக் காட்டுகிறார். எவ்வளவு காலமாக இப்படி இருக்கிறது என்று ஆண்டவர் முதலில் அத்தகப்பனிடம் கேட்டார். வீட்டார் பட்ட பாட்டைக் கேட்க அவருக்கு நேரம் இருந்தது. அத்தகப்பனும் மகனுக்கு உதவும் என்று மன்றாடவில்லை, எங்களுக்கு உதவும் என்றே மன்றாடினான். அந்த 'எங்களுக்கு' என்ற சொல்லுக்கு நம் பங்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வருகிற ஞாயிறு பூசைக்குப் போகும்போது, உங்கள் வட்டாரத்தில் எந்த வீட்டார் பூசைக்கு வருவதில்லை, ஏன் வருவதில்லை என்று எண்ணிப் பாருங்கள். பின்பு அங்கே போங்கள். புகழ வேண்டாம். என்ன வேண்டும் என்று கேளுங்கள்.