சிறையிலிருந்து வந்த கேள்வி

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் மூன்றாவதைக் கத்தோலிக்கர்கள் மகிழ்ச்சி ஞாயிறு என்கிறார்கள். அன்று மட்டும் ஊதா அங்கிக்கு ஓய்வு. குருவானவர் ரோஜா நிறத்தில் வருவார், மெழுகுவர்த்தியும் அதே நிறம். மூன்றாண்டுச் சுற்றில் ஓராண்டு அந்த ஞாயிறுக்கான நற்செய்தி மத்தேயு 11-ஆம் அதிகாரம். ஆங்கிலிக்கன் சபையின் பழைய ஜெபப் புத்தகத்திலும் அட்வெந்து எனப்படும் இந்தக் காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்கு இதே பகுதிதான். மகிழ்ச்சியைத் தேடி அதைத் திறந்தால் கண்ணில் படுவது சிறையில் கிடக்கும் ஒரு மனிதர். யாரை ஊரறியக் கைகாட்டி அறிமுகப்படுத்தினாரோ அவரிடமே ஆளனுப்பி, வரவேண்டியவர் அவர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறார்.

யோவான் ஸ்நானகன் சாதாரண சந்தேகக்காரர் இல்லை. யோர்தான் கரையில் நின்று அவர் பேசிய பேச்சை நினைத்துப் பாருங்கள். மரத்தின் வேரில் கோடாரி வைத்தாயிற்று என்றார். வரப்போகிறவர் கையில் தூற்றுக்கூடை இருக்கும், களத்தைச் சுத்தமாக விளக்கிப் பதரை நெருப்பில் போடுவார் என்றார். வந்தவரோ ஆயக்காரர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கோடாரி எங்கே, நெருப்பு எங்கே? ஏரோது அந்திப்பா அரண்மனையில் சௌக்கியமாக இருக்கிறான், அவனைக் கண்டித்தவர் நிலவறையில் இருக்கிறார். வாக்கு தாமதமாவது ஒரு வேதனை. வாக்கு நிறைவேறியாயிற்று, ஆனால் இப்படித்தானா என்று திகைப்பது அதைவிடப் பெரிய வேதனை. யோவானுக்கு நேர்ந்தது இரண்டாவது.

அவர் எங்கே அடைக்கப்பட்டார் என்று சுவிசேஷங்கள் சொல்லவில்லை. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் சொல்கிறார்: சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்டானில் இருக்கும் மக்கேருஸ் கோட்டை. கைதுக்கான காரணத்திலும் அவர் கணக்கு வேறு. சகோதரன் மனைவி ஏரோதியாளை வைத்துக்கொண்டதைக் கண்டித்ததற்காக என்று சுவிசேஷங்கள் எழுத, யோவான் பின்னால் திரண்ட கூட்டம் கலகமாக வெடிக்கும் என்ற பயத்தில் ஏரோது முந்திக்கொண்டான் என்கிறார் யோசேப்பஸ். இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவதாக எனக்குப் படவில்லை. ஆட்சியில் இருப்பவனின் வீட்டு விவகாரத்தைத் தெருவில் பேசுகிறவனைப் பின்பற்றக் கூட்டம் இருந்தால், அது எந்தக் காலத்திலும் அரசியல்தான்.

சிறையிலிருந்து யோவான் கேட்ட கேள்வி திருச்சபையின் பெரியவர்கள் பலரைச் சங்கடப்படுத்தியிருக்கிறது. இயேசுவின் வழியை ஆயத்தம் செய்தவர் இயேசுவைச் சந்தேகிப்பதா? கிறிசோஸ்தோம் போன்ற ஆதி சபைப் பிதாக்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். யோவானுக்குச் சந்தேகமே இல்லையாம், சீடர்கள் நேரில் பார்த்துத் தெளியட்டும் என்றுதான் அனுப்பினாராம். அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதை குறையாமலே சொல்கிறேன், இதை நான் நம்பவில்லை. யோவானின் மானத்தைக் காப்பாற்றப் போய் அவருடைய கேள்வியைப் பறித்துக்கொள்கிறார்கள். சிறையில் இருக்கும் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் சொத்தே அதுதான்.

இயேசு சொன்ன பதில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. கண்டதையும் கேட்டதையும் போய்ச் சொல்லுங்கள் என்று ஒரு பட்டியல் கொடுக்கிறார். குருடர், சப்பாணிகள், குஷ்டரோகிகள், செவிடர், மரித்தோர், கடைசியில் நற்செய்தி கேட்கும் தரித்திரர். பெரும்பகுதி ஏசாயா தீர்க்கதரிசியின் வார்த்தைகளைத் தழுவியது. ஏசாயாவைக் கரைத்துக் குடித்த யோவானுக்கு அதில் எது விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரிந்திருக்கும். பழிவாங்கும் நாள் இல்லை. சிறைப்பட்டவர்களின் விடுதலையும் இல்லை. லூக்கா எழுதியபடி, நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு எழுந்து வாசித்த ஏசாயா பகுதியில் சிறைப்பட்டோருக்கு விடுதலை இருந்தது. சிறையிலிருப்பவருக்குப் பதில் அனுப்பும்போது மட்டும் அந்த வரி விடப்படுகிறது. தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்கு விடுதலை கிடைக்காது என்பதை இதைவிட நேர்மையாக, இதைவிட நாசூக்காகச் சொல்லியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் இல்லை என்ற புகழ்ச்சி அடுத்து வருகிறது. ஆனால் அது தூதர்கள் கிளம்பிப் போன பிறகு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. யோவான் காதில் அது விழவேயில்லை. கிடைத்த பதிலைக் கேட்டு அவர் என்ன சொன்னார், சமாதானமானாரா என்று எந்தச் சுவிசேஷமும் எழுதவில்லை. அடுத்து அவரைப் பற்றி நாம் கேள்விப்படும்போது பிறந்தநாள் விருந்தில் தாலத்தில் தலை வருகிறது.

இதே திகைப்பை நான் எங்கள் வீட்டிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து மணியடித்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். உபதேசியார் எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒருபுறம் ஏரி, ரோஜாப்பூ, சூரியோதயம், மறுபுறம் ஒரு வசனம். சிலர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுப்பார்கள், சின்னப் பிள்ளைகள் படம் நன்றாயிருப்பதைக் கிளறித் தேடி உபதேசியாரிடம் அதட்டல் வாங்கும். மாமா டயாலிசிஸில் இருந்த வருடம் அத்தைக்கு எரேமியாவில் சுகம் தருவதைப் பற்றிய வசனம் வந்தது. அதை எல்லோருக்கும் காட்டினாள், ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள். ஈஸ்டருக்கு முன்பே மாமா போய்ச் சேர்ந்தார்.

வந்தவர்களெல்லாம் அந்த வசனத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அவருக்குப் பரலோகத்தில் பூரண சுகம் கிடைத்துவிட்டது, அதுதான் அந்த வாக்குத்தத்தம் என்று ஒருவர். உன் விசுவாசத்தைச் சோதித்தார் என்று இன்னொருவர். பதினாறாம் நாள் ஜெபத்துக்கு வந்த சபை ஐயரிடம் அத்தை நேராகக் கேட்டாள்: “ஐயா, அந்த வசனம் எனக்குத் தந்ததுதானா? எனக்குன்னா ஏன் நடக்கல? எனக்கில்லைன்னா ஏன் என் கையில வந்துச்சு?” ஐயர் சற்றுநேரம் பேசவில்லை. “தெரியலம்மா” என்றார். பிறகு ஜெபித்தார், கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். அவர் செய்த பிரசங்கங்களில் ஒன்றும் எனக்கு நினைவில்லை, இந்த ஒரு சொல் நினைவிருக்கிறது. அடுத்த டிசம்பரிலும் அத்தை தாம்பாளத்தில் கை வைத்தாள். என்ன வந்தது என்று யாரிடமும் காட்டவில்லை.

பூரண சுகம் என்ற விளக்கத்துக்கு உலகறிந்த ஓர் அண்ணன் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்து விவசாயி வில்லியம் மில்லர், தானியேல் புத்தகத்தில் வரும் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணி, கி.மு. 457-லிருந்து கணக்குப் போட்டு, 1843 வாக்கில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்தார். அந்தக் கெடு கடந்ததும் அவர் இயக்கத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ திருத்திச் சொன்ன நாள் 1844 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. பல்லாயிரம் பேர் நம்பினார்கள். அறுவடையை அப்படியே விட்டவர்கள் உண்டு. வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள் என்பது மட்டும் பின்னால் கட்டிய கேலிக்கதை என்பதே வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு. கேலிக்குக் குறைவில்லாத நாள்தான் அது. மறுநாள் காலை அக்கம்பக்கத்தார், என்ன இன்னும் மேலே போகவில்லையா என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அன்றிரவு முழுக்க நண்பர்களோடு அழுதிருந்த ஹைரம் எட்சன் என்பவர் காலையில் சோளக்கொல்லை வழியே நடக்கும்போது ஒரு வெளிச்சம் கண்டார். தேதி சரி, சம்பவம்தான் தவறு. கிறிஸ்து அன்று பூமிக்கு வரவில்லை, பரலோக ஆசரிப்புக் கூடாரத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தார். இந்த விளக்கத்தைச் சுற்றித் திரண்டவர்கள்தான் 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாக அமைந்தார்கள். தமிழ்நாட்டு நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்துக்கு அவர்கள் மிஷனரிகள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் திருவிதாங்கூரிலும் இப்படி ஒன்று நடந்தது. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப் 1875-ல் ஓர் எழுப்புதல் சபை தொடங்கி, 1881-ல் கிறிஸ்து வருவார் என்றார். அந்த வருடமும் வந்து போயிற்று. அவர் எழுதிய மலையாளப் பாடல்களை மக்கள் இன்றும் பாடுகிறார்கள்.

எனக்கு எட்சனைவிட மில்லரைப் பிடிக்கும். தன் கணக்கு பிசகிவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டார், வேறு கணக்குப் போட்டு மழுப்பவில்லை. வருகையை மட்டும் கைவிடாமல் 1849-ல் கண்மூடினார்.

மற்றவர்களின் விளக்கங்களை இப்படி எடைபோடுகிறவன் தன் வீட்டையும் பார்க்க வேண்டும். 1263-ல் பார்சிலோனாவில், அரகோன் அரசன் முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு விவாதம் நடந்தது. யூதராகப் பிறந்து கிறிஸ்தவத் துறவியான பாப்லோ கிறிஸ்தியானி ஒரு பக்கம், கிரோனா நகரத்து ரப்பி நாமனிதேஸ் மறுபக்கம். மேசியா வந்துவிட்டார் என்பதை யூத நூல்களிலிருந்தே காட்டுகிறேன் என்றார் பாப்லோ. நாமனிதேஸின் மறுப்புகளில் ஒன்று நூல்களைத் தாண்டித் தெருவைக் காட்டியது. மேசியாவின் நாளில் ஜாதிகள் யுத்தம் கற்பதில்லை என்பது தீர்க்கதரிசனம். இயேசுவின் காலம் முதல் இன்றுவரை உலகம் கொள்ளையாலும் கொடுமையாலும் நிரம்பிக் கிடக்கிறது. யுத்தம் கற்கக் கூடாது என்று வந்துவிட்டால் அரசே, உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டமாகிவிடும் என்ற பொருளில் அரசனையே சீண்டினார். அரசன் அவருக்குப் பரிசு கொடுத்தனுப்பினான். ஆனாலும் சில ஆண்டுகளில் அவர் ஊரைவிட்டுக் கிளம்பிப் பாலஸ்தீனம் போக வேண்டியதாயிற்று.

நாமனிதேஸ் கேட்டது மக்கேருஸில் யோவான் கேட்டதேதான். கிறிஸ்தவர்களாகிய நாம் சொல்லும் பதில் எல்லோருக்கும் தெரியும்: முதலாம் வருகையில் பாதி, இரண்டாம் வருகையில் மீதி. நான் அதை நம்புகிறேன். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் வாய்விட்டுச் சொல்கிறேன். ஆனால் பார்சிலோனாவில் மறுபக்கம் நின்று பார்த்தால் அதுவும் எட்சனின் சோளக்கொல்லை வெளிச்சம் போலத்தான் தெரியும் என்பதை மறுக்க முடியவில்லை. வேறுபாடு உண்டென்று நிரூபிக்க என்னிடம் சாட்சியம் எதுவுமில்லை. யோவானின் கேள்வியை மாற்கு எழுதவில்லை, நான்காம் சுவிசேஷம் எழுதவில்லை. மத்தேயுவும் லூக்காவும் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. விடவில்லை. தன் சொந்த ஏமாற்றத்தை அழிக்காமல் வைத்திருக்கும் புத்தகத்தை நம்புவது எனக்கு எளிதாயிருக்கிறது. நாமனிதேஸுக்கு இது போதாது. போதும் என்று அவரிடம் வாதாட நான் போகவும் மாட்டேன்.

யோவானின் தலை விழுந்த பிறகு அவருடைய சீடர்கள் வந்து உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள் என்று மத்தேயு 14-ஆம் அதிகாரம் சொல்கிறது. அடுத்து அவர்கள் செய்தது, நேராக இயேசுவிடம் போய்ச் செய்தியைச் சொன்னது. அந்தப் பட்டியலை வாங்கிப் போனவர்களும் அவர்களுக்குள் இருந்திருக்கலாம். விடுதலை வாங்கித் தராதவரிடம் எதற்குப் போக வேண்டும்? போனார்கள். அவர்களிடம் இயேசு என்ன சொன்னார் என்பது எழுதப்படவில்லை. அவர் படகேறித் தனியிடம் தேடிப் போனார், அதற்குள் கூட்டம் கரைவழியே நடந்து பின்னாலேயே வந்துவிட்டது, சாயங்காலம் ஐயாயிரம் பேருக்குப் பந்தி நடந்தது. அந்தச் சீடர்களில் சிலராவது புல்தரையில் உட்கார்ந்து அப்பத்தைக் கை நீட்டி வாங்கியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். எல்லோரும் வந்திருக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து எபேசு பட்டணத்தில் பவுல் சந்தித்த ஏறக்குறைய 12 பேருக்கு அப்போதும் யோவானின் ஞானஸ்நானம் மட்டுமே தெரிந்திருந்தது. ஏன் இத்தனை காலம் தாமதித்தீர்கள் என்று பவுல் அவர்களை அதட்டவில்லை.