வங்கிப் பங்கும் மனச்சாட்சியும்



வங்கியில் பணத்தை வைப்பிலிடுவதைவிட அந்த வங்கியின் பங்குகளையே வாங்கி இருபது வருடம் வைத்திருப்பது நல்லதென்று தோட்டப்புறத்து ஆசிரியர்களும் கடைக்காரரும் பேசிக்கொள்கிறார்கள். கிறிஸ்தவன் அப்படிச் செய்யலாமா?

செய்யலாம். கடன் கொடுத்தேன் என்ற ஒரே காரணத்துக்காக வட்டி கேட்பதை 1745-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் கண்டித்தார். வேறு ஒப்பந்தங்களில் முதலிட்டு நேர்மையான இலாபம் பெறுவதை அவர் தடுக்கவில்லை. பங்குக்காரன் நட்டத்துக்கும் உடன்படுகிறவன். வங்கி முறிந்தால் எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியதே அவனுக்கு. (தாலந்து உவமையைப் பங்குச் சந்தைக்குச் சிபாரிசுக் கடிதமாக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை.)

ஆனால் பங்கு வாங்குகிறவர் வங்கியின் சொந்தக்காரருள் ஒருவராகிறார். சொந்தக்காரருக்குப் பொறுப்பில்லையா? கொழுந்து பறிக்கும் தாய், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குக் காதுத்தோட்டைக் கழற்றி அடகு வைக்கிறாள். அவள் கட்டும் வட்டியில் ஒரு துளி உங்கள் பங்கிலாபத்தில் சேர்கிறது. தனியார் வட்டிக்காரரைவிட வங்கி மேல் என்பது மெய்தான். என்றாலும், பணத்தை எங்கே முதலிடுவது என்பதே ஓர் ஒழுக்கத் தீர்மானம் என்று பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் 1991-ம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்திருக்கிறார்.

நம் ஊர்க் கதையையே பாருங்கள். 1888-ல் ஹட்டனில் தோட்டத் துரைமாரின் தேவைக்காக ஒரு சிறு வங்கி தொடங்கிற்று. 1970-ல் அது ஹட்டன் நஷனல் வங்கியாயிற்று. இன்று அதன் பங்குதாரருள் ஊழியர் சேமலாப நிதியும் ஒன்று. 1958-ம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும், தொழில் கொடுப்போரிடமிருந்து 12 வீதமும் சேரும் நிதி அது. துரைமாருக்காகப் பிறந்த வங்கியில், தனக்கே தெரியாமல், கொழுந்துக்காரிக்கும் பங்குண்டு!

2023-ல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. சேமலாப நிதியின் முறிகளோ, தவணை நீண்டு, பின்னாளில் 9 வீதம் மட்டுமே தரும் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வங்கி ஆட்டம் கண்டால் வைப்பாளர் கதி என்னாகும் என்றார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதனால் தப்பியவருள் வங்கிப் பங்குக்காரரும் ஒருவர், சுமந்தவள் லயத்துத் தாய். பங்குக்காரர் திருடவில்லை. அந்தச் சுமையை அறியாதவர்போல் இருக்கவும் அவருக்கு உரிமையில்லை.

ஆகவே, ஆண்டறிக்கை வந்தால் பங்கிலாபத் தொகையை மட்டும் பார்த்து மடித்துவைக்காதீர்கள். அடகு வட்டியைப் பற்றிப் பொதுக்கூட்டத்தில் கேளுங்கள். வாக்குரிமையுள்ள பங்கானால் உங்களுக்கு அங்கே வாக்குண்டு. லயத்துத் தாயின் பங்கையோ மத்திய வங்கி நிர்வகிக்கிறது. அந்தக் கூட்டத்தில் அவளுக்கு நாற்காலி கிடையாது.