கடல்கட்டியும் யோபுவின் நண்பர்களும்

முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே கூலி வாங்கிய ஆட்கள் எங்கள் மன்னார்க் கடலில் இருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பிராமணர்கள் அந்த வேலையைச் செய்ததாகவும், எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாகவும் எழுதுகிறார். ஆங்கிலேயர் காலத்திலோ கடல்கட்டிப் பரம்பரையின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். சுறா சமயம் கேட்பதில்லை போலும்.

இதைப் பதிந்தவர், 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட். அவர் முத்துக்குளிப்பைப் பார்க்கப் போன அன்று கடல்கட்டிக்குச் சுகமில்லை. பதிலுக்கு வந்தவருக்கு மந்திரமே தெரியாதாம். ஆனால் தான் யாருடைய ஆள் என்பது சுறாக்களுக்கு விளங்கும் என்று அவர் உறுதி சொன்னாராம். பேசாலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தவள் நான். சுவாமிக்குக் காய்ச்சல் என்று மணி அடிக்கிறவர் பூசை வைத்தால் எப்படியிருக்கும்?

சிரித்துவிட்டுப் போகவும் முடியவில்லை. ஆங்கிலேயர் வந்ததிலிருந்து தன் காலம் வரை குளிப்பில் சுறா கடித்ததாக உறுதியான சம்பவம் ஒன்றே ஒன்றுதான் என்று டெனன்டே எழுதுகிறார். அத்தனை வள்ளங்கள், கூச்சல், ஓயாமல் தண்ணீரில் விழும் கல்லும் கூடையும் சுறாவை மிரட்டியிருக்கும் என்பது அவர் கணிப்பு. நான் இன்னொன்றும் சேர்ப்பேன். குளிப்பு நடந்தது பங்குனி, சித்திரையில், கடல் அடங்கித் தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில், பட்டப்பகலில். மார்க்கோ போலோ சொல்லும் கட்டும் பகலுக்கு மட்டுந்தான். இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள், கள்ளக் குளிப்புக்கு ஒருவரும் இறங்காதபடி. சுறா கரையை அண்டி இரை தேடுவது பெரும்பாலும் கருக்கலிலும் இருட்டிலுமே. மழைக்குப் பிறகு அரிப்புப் பக்கம் அருவியாறு கலங்கிக் கடலில் விழும்போது, அந்தக் கலங்கலில் மனிதக் காலுக்கும் மீனுக்கும் சுறாவுக்கு வித்தியாசம் தெரியாது. மீன் ரத்தம் கரைந்த இடத்தில் இறங்குவதும் தனியே நீந்துவதும் அதேபோல் ஆபத்துத்தான். கடல்கட்டி சுறாவைக் கட்டினாரோ இல்லையோ, ஆட்களின் நேரத்தைக் கட்டினார்.

என்னைக் குழப்புவது அந்த ஒரே ஒருவன். கட்டு இருந்தும் அவனைச் சுறா பிடித்தது. கரையில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கலாம்: தீட்டோடு இறங்கினான், நேர்ச்சையை மறந்தான். இன்றைக்கென்றால் நிபுணர் வந்து, விடியுமுன் இறங்கினான், மீன் கழுவிய இடத்தில் நீந்தினான் என்பார். நிபுணர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் பிணத்தின் பக்கத்தில் நின்று சொல்லும்போது இரண்டும், விவிலியத்தில் துன்பப்பட்ட யோபுவிடம் குற்றம் தேடிய அவன் நண்பர்கள் பேசிய பேச்சுத்தான். குற்றம் ஒன்று கண்டுபிடித்தால் நமக்கு அது வராது என்றொரு தைரியம். அந்தக் கதையின் கடைசியில் கடவுள் பேசுகிறார். துன்பத்துக்குக் காரணமாக யோபுவின் குற்றம் எதையும் எடுத்துக்காட்டாமல் லிவியத்தானைக் காட்டுகிறார், தான் படைத்த கடல்மிருகத்தின் பல்லையும் செதிலையும் பெருமையோடு வர்ணிக்கிறார். அதை ஏவிவிட்ட தண்டனை என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. நண்பர்களைத்தான் கோபிக்கிறார்.

ஆகவே சுறா யாருக்கும் தண்டனை கொண்டுவருவதில்லை என்றே நம்புகிறேன். அதன் வாயைக் கட்டச் சொல்லி நான் செபிப்பதுமில்லை. சுறாவைச் சுறாவாக இருக்காதே என்று எப்படிக் கேட்பது? (பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வறுத்துக் கொடுக்கிற ஊரில் இதை யார் கேட்பார்கள் என்பது வேறு.)

என் மருமகன் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறவன். டோர்ச் அடித்து இரவில் இறங்கினால் கூட அள்ளலாம் என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். போகும்போது, "மாமி, ஒரு செபம் சொல்லி விடுங்கோ" என்று உத்தரியத்தை முத்தி செய்துவிட்டு நிற்பான். சொல்லுவேன். "இரவில இறங்காதே, குத்தின மீனை இடுப்பில கட்டாதே, தண்ணி கலங்கினா வள்ளத்தில ஏறு" என்பதையும் சொல்லுவேன். ஆமென் எதற்குப் பிறகு சொல்வது என்று தெரியாமல் அவன் இரண்டுக்கும் சேர்த்துக் கடைசியில் சொல்கிறான். நான் திருத்துவதில்லை.