ஆபத்து யாருடையது?

துவிச்சக்கர வண்டியிற் சென்ற ஒருவன் மோதுண்டு விழுந்தால், 'கவனமாகப் போயிருக்கலாமே' என்பதே நம் முதற் பேச்சு. கவனம் அவசியமே. ஆயினும் ஆபத்தை அளக்கும்போது, அதனைச் சுமப்பவனை மட்டும் விசாரித்து, விளைவிப்பவனை விட்டுவிடுதல் நீதியாகுமா?

வேகம் இருமடங்கானால் இயக்கச் சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிகவியல் உண்மை. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்த மோட்டார் வண்டி 60இல் வருமாயின், துவிச்சக்கர வண்டிக்காரன் யாதொரு தவறும் இழைக்காமலே அவனது ஆபத்துப் பெருகிவிடுகிறது.

விபத்துகளை எண்ணுவதாலும் முழு உண்மை புலப்படாது. அஞ்சிய பெற்றோர் பிள்ளைகளை வீதிக்கு அனுப்பாதுவிடின் எண்ணிக்கை குறையும், ஆபத்துக் குறைந்ததாகாது. பிள்ளைகள் வீதியை இழந்தனர் என்பதே அதன் பொருள்.

நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு வீதி விபத்துகளில் 3,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்; அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் சிறுவர். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்று மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 'விபத்து' என்ற சொல் மறைத்த பொறுப்பைக் 'கொலை' என்ற சொல் வெளிப்படுத்தியது. அடுத்த தசாப்தங்களில் தனிப் பாதைகள் அமைந்தன, வேகம் கட்டுப்படுத்தப்பட்டது, மரணங்கள் பெரிதும் குறைந்தன.

2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் நம் நாட்டு நடுத்தர வர்க்கத்தார் பலரும் துவிச்சக்கர வண்டி ஏறினர். பஞ்சம் நீங்கியதும் அவர்களுட் பலர் இறங்கிவிட்டனர். கூலித் தொழிலாளியும் மாணவனும் இன்றும் அதே வீதியோரத்திற் செல்கின்றனர். அவர்களுக்குக் கவனத்தைப் போதிக்கும் நாம், வேகமாக ஓட்டுபவரிடமும் வீதியை அமைப்பவரிடமும் கணக்குக் கேட்கத் தயங்கலாமா?