எந்த உயிரின் இன்சுலின்?

அம்மாவுக்கு முதலில் வந்தது மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின். முட்டைகூட வாசற்படி தாண்டாத சைவ வீடு எங்களுடையது. திருநீறு பூசிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் ஊசிக்கு இருப்பாள். பிறகு புது மருந்து வந்தது. புட்டி மேல் 'ஹியூமன் இன்சுலின்' என்றிருந்ததைப் பேரன் வாசித்ததும் பதறிப்போனாள். "ஏட்டி, மாடு போயி இப்ப மனுசனா?"

கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய எனக்கு அந்தக் கேள்வி பாடத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. உண்மையில் அந்த மருந்துக்காக எந்த மனிதரின் கணையத்தையும் தொடவில்லை. இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த புரதம். எதை அடுத்து எது வரவேண்டும் என்ற வரிசை டி.என்.ஏ.வில் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகளில் இருக்கிறது; மும்மூன்று எழுத்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். 1978இல் கலிஃபோர்னியாவில் இட்டகுரா, ரிக்ஸ் குழுவினர் அந்த வரிசையை ஆய்வகத்திலேயே, ரசாயனங்களைக் கொண்டு கோத்தார்கள். பாக்டீரியாவுக்குள் இருக்கும் பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையத்தை நொதியால் வெட்டி, தாங்கள் கோத்த வரிசையை நடுவில் வைத்து, லிகேஸ் என்ற இன்னொரு நொதியால் ஒட்டினார்கள். ஈ. கோலி பாக்டீரியா அதைத் தன்னுடையதுபோலவே படித்துப் புரதம் செய்தது. 1982இல் அது மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அப்படியானால் அதில் மனிதம் என்பது எது? வரிசை மட்டும்தான். பன்றி இன்சுலினுக்கும் நம்முடையதற்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வேறுபாடு.

டி.என்.ஏ.தான் ஆன்மா, விஞ்ஞானம் அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சைவ சித்தாந்தம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) நான்கும் மாயையின் காரியம், அறிவதோ உயிர். எத்தனை நுட்பமானாலும் டி.என்.ஏ. தனுவின் பக்கம், சடம். அதை வெட்டி ஒட்டுவதால் ஓர் உயிர் இன்னோர் உயிரோடு கலந்துவிடாது. "யாரையும் அறுக்கலம்மா, எழுத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் தெளிந்தது.

தீராதது வேறொன்று. சைவம் புலாலை விலக்குவது கொலைக்கு அஞ்சித்தான். இன்சுலினை எடுக்க அந்தப் பாக்டீரியாக்களைக் கோடிகோடியாக உடைக்கிறார்கள். ஈஸ்ட்டில் செய்யும்போது புரதம் வெளியே கசிந்துவிடும், உடைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வேலை முடிந்ததும் அந்தச் செல்களும் அழிக்கப்படுகின்றன. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவுவரை அடுக்குகிறது. புல்லுக்கே ஓரறிவு உண்டென்றால், உணவை நாடி நீந்திப்போகும் பாக்டீரியாவை வெறும் கிருமி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மாட்டைக் கொல்வதோடு இதை ஒப்பிடமாட்டேன்; சர்க்கரை நோய்க்காரர் பிழைத்திருக்க இது வேண்டும் என்றும் தயங்காமல் சொல்வேன். கொலையே இல்லாத மருந்து என்று மட்டும் சொல்லமாட்டேன்.